'சைட் எஃபெக்ட்ஸ்' படம்: மாத்திரையா, மோசடியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே எல்லா முடிச்சுகளும் அவிழும். படம் பார்க்காதவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரம் நாற்பத்தாறு நிமிடம்தான்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

2013 பிப்ரவரியில் வெளியான அமெரிக்கப் படம். இயக்கம் ஸ்டீவன் சோடர்பெர்க், எழுத்து ஸ்காட் இசட். பர்ன்ஸ். எமிலியாக ரூனி மாரா, அவள் கணவன் மார்ட்டினாக சானிங் டேட்டம், மனநல மருத்துவர் ஜோனதன் பேங்க்ஸாக ஜூட் லா, இன்னொரு மனநல மருத்துவர் விக்டோரியா சீபெர்ட்டாக கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ். ஒளிப்பதிவு பீட்டர் ஆண்ட்ரூஸ், படத்தொகுப்பு மேரி ஆன் பெர்னார்ட் என்று டைட்டிலில் வரும். இரண்டுமே சோடர்பெர்க்தான். புனைபெயரில் வேலை பார்ப்பது அவருக்குப் பழக்கம். ஏமாற்றைப் பற்றிய படத்துக்கு இதுவும் பொருத்தம்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்த குற்றத்துக்காக மார்ட்டின் நான்கு வருடம் சிறையில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறான். சில நாட்களில் எமிலி காரை வாகன நிறுத்துமிடச் சுவரில் மோதுகிறாள். மருத்துவமனையில் அவளைப் பார்க்கும் பேங்க்ஸ், மனச்சோர்வு என்று முடிவு செய்து மாத்திரை எழுதித் தருகிறார். அது ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு முன்பு சிகிச்சை தந்த சீபெர்ட், அப்லிக்ஸா என்ற புது மருந்தைப் பற்றி பேங்க்ஸிடம் சொல்கிறார். அதை ஆரம்பித்ததும் எமிலி தெளிவாகிறாள். ஆனால் இரவில் தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். ஒரு மாலை மார்ட்டின் வீட்டுக்கு வருகிறான், எமிலி காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கையிலிருந்த கத்தியால் அவனைக் குத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள். எதுவும் ஞாபகம் இல்லை என்கிறாள்.

மருந்தின் மேல் பழி விழுகிறது, பிறகு அதை எழுதிக் கொடுத்தவர் மேல். எமிலி மனநிலை காரணமாகக் குற்றப் பொறுப்பு இல்லாதவள் என்றாகி மனநல மருத்துவமனைக்குப் போகிறாள். பேங்க்ஸின் பெயர், தொழில், குடும்பம் எல்லாம் சரிகிறது. அப்புறம்தான் அவருக்கு உறைக்கிறது: அவளுக்கு மனச்சோர்வும் இல்லை, தூக்கத்தில் நடப்பதும் இல்லை. சீபெர்ட்டும் எமிலியும் சேர்ந்து போட்ட திட்டம் அது.

அப்லிக்ஸா என்று நிஜத்தில் மருந்து இருக்கிறதா?

இல்லை, கற்பனை. படம் வெளியான சமயத்தில் நிஜ மருந்துக்குப் போலவே விளம்பரமும் இணையதளமும் தயாரித்துப் போட்டார்கள். அதைப் பார்த்துக் குழம்பியவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். படத்தில் போட்டி மருந்தாக வரும் டெலாட்ரெக்ஸும் கற்பனைதான். ஆனால் எமிலி முதலில் சாப்பிடும் ஸோலாஃப்ட் நிஜ மருந்து. செர்ட்ராலின் என்பது அதன் வேதிப்பெயர். அமெரிக்காவில் 1991-இல் அனுமதி பெற்றது. பொய்யை நிஜத்துக்கு நடுவில் செருகி வைத்திருப்பதால்தான் அப்லிக்ஸாவை நாம் கேள்வி கேட்காமல் நம்புகிறோம்.

மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் தூக்கத்தில் எழுந்து கத்தியை எடுப்பார்களா?

தூக்கத்தில் நடப்பது, காரோட்டுவது, சமைப்பது போன்றவற்றுக்குப் பேர்போனவை மனச்சோர்வு மாத்திரைகள் அல்ல, தூக்க மாத்திரைகள். முக்கியமாக ஸோல்பிடெம் வகை. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஸோல்பிடெம், எஸ்ஸோபிக்ளோன், ஸாலெப்லான் ஆகிய மூன்றுக்கும் மிகக் கடுமையான 'கறுப்புப் பெட்டி' எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 26 ஆண்டுகளில் அவர்களிடம் பதிவான தீவிரச் சம்பவங்கள் 66. அவற்றில் 20 பேர் இறந்திருந்தார்கள். கோடிக்கணக்கானோர் சாப்பிட்ட மருந்துக்கு இது அபூர்வம்தான். ஆனாலும் ஒரே ஒரு மாத்திரையில்கூட நடந்திருக்கிறது என்பதால் எச்சரிக்கை அத்தனை கடுமையாக வந்தது.

இன்னொரு விஷயம். படம் வெளியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 2013 ஜனவரியில், அதே நிர்வாகம் பெண்களுக்கான ஸோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. காலையில் எழுந்து கார் ஓட்டும்போதும் மருந்து உடம்பில் மிச்சம் இருந்ததுதான் காரணம். தியேட்டருக்குப் போனவர்கள் இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டுதான் போயிருப்பார்கள். எமிலியின் கதை எடுபட்டதில் ஆச்சரியம் என்ன?

தூக்கத்தில் கொலை செய்து விடுதலையான வழக்கு உண்மையில் உண்டா?

உண்டு. அது மருந்தால் நடந்ததல்ல. கனடாவில் 1987-இல் கென்னத் பார்க்ஸ் என்பவர் இரவில் எழுந்து, சுமார் 23 கிலோமீட்டர் காரோட்டிப்போய் மாமனார் மாமியாரைத் தாக்கினார். மாமியார் இறந்துபோனார், மாமனார் பிழைத்தார். அதன்பின் பார்க்ஸ் தானாகவே காவல் நிலையத்துக்குப் போய், யாரையோ கொன்றுவிட்டேன் போலிருக்கிறது என்று நின்றார். தூக்க நிபுணர்களின் சாட்சியத்தை ஏற்று நடுவர் குழு விடுவித்தது. 1992-இல் கனடா உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அவருக்கும் எமிலிக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பார்க்ஸ் செய்தது மனநோயால் அல்ல, சுயநினைவில்லாத செயல் என்று நீதிமன்றம் சொன்னதால் அவர் நேராக வீட்டுக்குப் போனார். எமிலிக்குக் கிடைத்தது மனநிலை சார்ந்த விடுதலை. அதற்குப் பிறகு போகும் இடம் வீடல்ல, மருத்துவமனை. திட்டம் போட்டவர்கள் இந்த ஒரு படியை மட்டும் சாதாரணமாக நினைத்துவிட்டார்கள்.

ஒரு மனநல மருத்துவரை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். படத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது.

சர்க்கரை நோய் என்று ஒருவர் பொய் சொன்னால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. தூக்கம் எப்படி, பசி எப்படி, பிடித்த விஷயங்களில் ஆர்வம் இருக்கிறதா, சாக வேண்டும் போலிருக்கிறதா என்று கேட்டு, வரும் பதிலையும் முகத்தையும் நடையையும் வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே நடித்தால், அதுவும் என்ன கேட்பார்கள் என்பதை இன்னொரு மனநல மருத்துவரிடமே பாடம் படித்துவிட்டு வந்து நடித்தால், முதல் சந்திப்பில் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். சந்தேகப்படவும் பயம். நிஜமாகவே தற்கொலை எண்ணத்தோடு வந்தவரை நடிப்பு என்று திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்?

(தமிழில் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையும் 'மன அழுத்தம்' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். முன்னது மன அழுத்தம், பின்னது மனச்சோர்வு. படத்தில் எமிலி நடிப்பது பின்னதை.)

இதில் பர்ன்ஸ் செய்த ஒரு நல்ல வேலை, பேங்க்ஸை முட்டாளாகக் காட்டாதது. ஆரம்பத்தில் ஒரு காட்சி. ஹெய்ட்டி நாட்டுக்காரர் ஒருவரை போலீஸ் கூட்டிவருகிறது. செத்துப்போன அப்பாவைப் பார்த்தேன் என்கிறார். போலீஸ்காரர் கண்ணுக்கு அவர் பைத்தியம். பேங்க்ஸ் பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசிவிட்டு, இது அவர் ஊரில் துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சகஜம், பைத்தியம் இல்லை என்று விளக்குகிறார். காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த மனிதர் என்பது நமக்குப் பதிந்துவிடுகிறது. அந்தக் காதைத்தான் எமிலி பயன்படுத்திக்கொள்கிறாள்.

உப்புத் தண்ணீர் ஊசிக் காட்சி புரியவில்லை. அதில் என்ன நிரூபணமாகிறது?

பேங்க்ஸ் எமிலிக்கு சோடியம் அமிட்டால் போடப்போவதாகச் சொல்கிறார். பார்பிட்யுரேட் வகை மருந்து அது, அதாவது மூளையை மந்தமாக்கி மயக்கம் தரும் பழைய வகை. 1930-களிலிருந்து மனநல மருத்துவத்தில், பேச மறுக்கும் நோயாளிகளைப் பேசவைக்கப் பயன்பட்டது. 'உண்மை மருந்து' என்ற பட்டப்பெயர் பத்திரிகைகள் பரப்பியது. மயக்கத்தில் நாக்கு தளரும், அவ்வளவுதான். தளர்ந்த நாக்கு பொய்யும் சொல்லும், கற்பனையும் பேசும். அப்படி வாங்கிய வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இலேயே சொல்லிவிட்டது.

ஊசி ஏறுகிறது, கேமரா ஓடுகிறது. எமிலியின் பேச்சு குழறுகிறது, இமை சரிகிறது, தூங்கிவிடுகிறாள். பேங்க்ஸ் போட்டது வெறும் உப்புத் தண்ணீர்.

பார்க்கும்போது நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஆனால் ஆற அமர யோசித்தால், இது நிரூபணமே இல்லை. ஊசியில் மருந்து இருக்கிறது என்று நம்பும் நிஜ நோயாளிக்கும் கண் சொருகலாம். நம்பிக்கையே உடம்பில் வேலை செய்யும், பிளாசிபோ விளைவு என்பது அதுதானே. நடிப்பவளும் தூங்குவாள், நம்புபவளும் தூங்குவாள். படத்திலும் இதைக் காட்டி பேங்க்ஸால் வழக்கை நகர்த்த முடிவதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, நமக்கும் தெரிந்துவிட்டது, வேறு யாரிடமும் காட்டத்தான் எதுவும் இல்லை.

பங்குச் சந்தை விவகாரம் எங்கே வருகிறது? அதில் பணம் எப்படிக் கிடைத்தது?

மருந்தால் கொலை என்று செய்தி வந்தால் அப்லிக்ஸா கம்பெனியின் பங்கு விழும், போட்டி மருந்தான டெலாட்ரெக்ஸின் கம்பெனி ஏறும். விழப்போவதை முன்கூட்டியே 'ஷார்ட்' செய்து (கடன் வாங்கிய பங்கை விற்றுவிட்டு, விலை விழுந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுப்பது), ஏறப்போவதை முன்கூட்டியே வாங்கி வைத்தால் இரண்டு பக்கமும் லாபம். மார்ட்டினோடு வாழ்ந்ததில் எமிலிக்குப் பங்கு வியாபாரம் தெரியும். சீபெர்ட்டுக்கு மனநோயின் அறிகுறிகள் தெரியும். நீ எனக்குச் சந்தையைச் சொல்லிக்கொடு, நான் உனக்கு நோயைச் சொல்லிக்கொடுக்கிறேன். இருவருக்கும் நடுவில் காதலும் உண்டு. மார்ட்டின் ஜெயிலுக்குப் போனதில் வசதியெல்லாம் பறிபோன ஆத்திரம் எமிலிக்குத் தனியாக.

சந்தைக் கணக்கு கொஞ்சம் அவசரமாக ஓடிவிடுகிறது என்பது என் எண்ணம். முதல்முறை பார்ப்பவர்கள் பாதிப்பேர் இங்கே நழுவுகிறார்கள்.

பேங்க்ஸும் மருந்து கம்பெனியிடம் பணம் வாங்குகிறாரே, அது சட்டப்படி சரியா?

ஆலோசனைக் கட்டணம், ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்ப்பதற்கான பணம் ஆகியவற்றை வாங்குவது அமெரிக்காவில் குற்றமல்ல. ஆனால் கம்பெனிகள் எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது. 2014 செப்டம்பரிலிருந்து அந்த விவரங்களைப் பொதுமக்களும் பார்க்கலாம். பேங்க்ஸ் அந்தப் பட்டியல் வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலத்து ஆள்.

அவர் லஞ்சத்துக்காக அப்லிக்ஸா எழுதவில்லை. ஆனால் ஒரு மருந்து கம்பெனி கொடுக்கும் பணம் வீட்டுச் செலவுக்கு உதவுகிறது, அதனால் மாத்திரைகளின் உலகத்தில் அவர் கொஞ்சம் சொகுசாகவே உட்கார்ந்திருக்கிறார். மனைவி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் பதறும்போது, படபடப்பைக் குறைக்க ஒரு பீட்டா பிளாக்கரை எடுத்துக் கொடுக்கிறார். தலைவலித் தைலம் நீட்டுவது போல அவ்வளவு இயல்பாக. கொலையைவிட இந்தச் சின்னக் காட்சிதான் எனக்கு அதிகம் தங்கியது.

உண்மை வெளிவந்த பிறகும் எமிலியைக் கொலைக்காக ஏன் தண்டிக்க முடியவில்லை?

ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டாம் முறை விசாரிக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம். மனநிலை காரணமாகக் கிடைத்த விடுதலையும் விடுதலைதான். நடித்து வாங்கியிருந்தாலும் கதவு மூடியது மூடியதுதான். பங்கு மோசடி வேறு குற்றம், அதற்குத் தனியாகப் பிடித்திருக்கலாமே என்று கேட்டால், நியாயமான கேள்வி. எமிலி விஷயத்தில் படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்படியானால் மருத்துவமனையிலிருந்து அவள் எப்போது வெளியே வர முடியும்?

அதுதான் அவளுடைய கணக்கில் விழுந்த ஓட்டை. சிறைத் தண்டனைக்கு முடிவு தேதி உண்டு, இதற்குக் கிடையாது. குற்றத்துக்கான தண்டனைக் காலத்தைவிட அதிக நாள்கூட வைத்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் சொன்னது. நோய் போய்விட்டால் வைத்திருக்கக் கூடாது என்று 1992-இல் சொன்னது. அதிபர் ரீகனை 1981-இல் சுட்ட ஜான் ஹின்க்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் இதே காரணத்தால் விடுதலையானவர், மருத்துவமனையை விட்டு முழுதாக வெளியே வந்தது 2016-இல். நிபந்தனைகள் எல்லாம் நீங்கியது 2022-இல்.

கதை நடக்கும் நியூயார்க்கில், வெளியே விடும்போது நீதிமன்றம் ஐந்து ஆண்டுக்கு நிபந்தனை போடும், தேவைப்பட்டால் நீட்டிக்கும். சிகிச்சைக்கு ஒழுங்காக வர வேண்டும் என்பது அதில் இருக்கும். மீறி, அபாயமானவராகவும் தெரிந்தால் திரும்ப உள்ளே. பேங்க்ஸ் பிடித்துக்கொள்ளும் நூல் இதுதான்.

கடைசியில் பேங்க்ஸ் செய்வது சரியா?

இல்லை. மருத்துவராகப் பார்த்தால் அவர் செய்வது அசிங்கம்.

அவர் எமிலியையும் சீபெர்ட்டையும் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட வைக்கிறார். எமிலியை விடுவிக்கிறேன் என்று சொல்லி, அவள் உடையில் ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி அனுப்பி சீபெர்ட்டைச் சிக்கவைக்கிறார். அப்புறம் நிபந்தனையோடு வெளியே வந்த எமிலியை எதிரில் உட்காரவைத்து தோரசினும், மனநிலையை நிலைப்படுத்தும் டெபாகோட்டும் எழுதுகிறார். தோரசின், அதாவது குளோர்புரோமசின், 1950-களில் வந்த பழைய மனநோய் மருந்து. நிஜ நோயாளிகள் பலரைச் சங்கிலியிலிருந்து மீட்ட மருந்துதான். ஆனால் ஆளை மந்தமாக்கி, காலை இழுத்து இழுத்து நடக்கவைக்கும். அந்த நடைக்கே 'தோரசின் நடை' என்று பெயர் வந்தது. நோய் இல்லை என்று தனக்கே தெரிந்த ஒருத்திக்கு, பக்க விளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுக்கிறார். அவள் மறுத்து ஓடுகிறாள், பிடிபடுகிறாள், திரும்ப வார்டுக்குப் போகிறாள்.

படம் முழுக்க, நல்ல எண்ணத்தோடு எழுதிய மருந்துச் சீட்டுக்காக அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். கெட்ட எண்ணத்தோடு அவர் எழுதும் ஒரே சீட்டு இது. அதற்கு நாம் கைதட்டுகிறோம். சோடர்பெர்க் நம்மையும் மாட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

அப்படியென்றால் இது மருந்து கம்பெனிகளுக்கு எதிரான படமா, ஆதரவான படமா?

முதல் பாதி எதிரான படம்போல ஓடும். இரண்டாம் பாதியில் மருந்து நிரபராதி. சிலருக்கு இதில் கோபம்: பெரிய பிரச்சினையைத் தொட்டுவிட்டு, கடைசியில் இரண்டு பெண்களின் சதி என்று முடித்துவிட்டார்கள் என்பார்கள். ஓரினக் காதலர்களை மறுபடியும் வில்லிகளாக்கிவிட்டார்கள் என்ற குறையும் வந்தது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் பிடித்த படம்.

ஆனால் மருந்துமேல் நமக்கு ஏற்கெனவே சந்தேகம் இருக்கிறது என்பதை நம்பித்தான் எமிலியும் சீபெர்ட்டும் திட்டம் போடுகிறார்கள். சாட்சி, நீதிமன்றம், பத்திரிகை எல்லோரும் 'மாத்திரைதான் காரணம்' என்று நம்பத் தயாராக இருந்தார்கள். நாமும்தான். படம் அதைத்தான் குத்திக்காட்டுகிறது.

படம் பார்த்த பிறகு நான் சாப்பிடும் மாத்திரையை நினைத்தால் பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கக் கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பழைய சோர்வும் திரும்பி வரலாம். குறைப்பதென்றால் மருத்துவரோடு பேசி, படிப்படியாகத்தான்.

நிஜமான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இளம் வயதினருக்கு, மாத்திரை ஆரம்பித்த முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அமெரிக்காவில் 2004-இல் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் இந்த எச்சரிக்கை வந்தது, 2007-இல் 24 வயது வரை நீட்டினார்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், தொந்தரவு முதல் நாளே தெரியும். அந்த இடைவெளியில் வீட்டில் யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது. அப்படி ஒரு எண்ணம் தலைகாட்டினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம், நிர்வாணம், தற்கொலைப் பேச்சு மூன்றும் உண்டு.

இரண்டாம் முறை பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் கேமரா ஒரு கட்டிடத்தின் ஜன்னலை நோக்கி உள்ளே போகும். கடைசியில் மருத்துவமனை ஜன்னலிலிருந்து பின்வாங்கும்.

அப்புறம் அந்தக் கார். முதல்முறை பார்க்கும்போது எமிலியின் முகத்தைத்தான் பார்த்தோம், அந்தச் சுவரைத்தான் பார்த்தோம். அடுத்த முறை அவள் கையைப் பாருங்கள். சாகப்போகிறவள் சீட் பெல்ட் போட்டுக்கொள்கிறாள்.